ஞாயித்துக்கிழமைக்கு 80 கிலோமீட்டர் போதும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், எங்க வீட்டுல அப்பா இருந்த காலத்துலேர்ந்து நம்ம பேப்பர்தான். கடிதம் எழுதறது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போயிடுச்சு, இடம் இருக்கற அளவுக்குப் போடுங்க.

ஜூன் ஸ்கூல் ஹாலிடே வரப்போகுது. ஆபீஸ்ல, கோயில்ல, தேக்கா மார்க்கெட்ல பாக்கறவங்க எல்லாரும் ஐரோப்பா பேச்சுதான் பேசறாங்க, பத்து நாள்ல ஏழு நாடுன்னு பேக்கேஜ் புக் பண்ணியிருக்காங்க, அது அவங்கவங்க விருப்பம். ஆனா போன ஜூன்ல நாங்க தெற்கு பிரான்ஸ்ல நாங்களே கார் ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தோம்னு தெரிஞ்சதும் இதுவரைக்கும் அஞ்சாறு பேர் என்னைக் கேட்டுட்டாங்க, எப்படி பிளான் பண்ணீங்க, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போக முடியுமான்னு. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸாப்ல வாய்ஸ் அனுப்பி அனுப்பி கடைசியில எழுதியே கொடுத்துடலாம்னு தோணிச்சு. முழு டிரிப்பையும் சொல்லப் போறதில்ல. கிராமத்துப் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை டிரைவ், அதை எப்படிப் போடணும்ங்கறது மட்டும்தான். ஏன்னா அந்த ஒரு நாளை முதல் வாரம் நான் தப்பா போட்டு எங்க அம்மாவைக் கஷ்டப்படுத்திட்டேன், அதே நாளை அடுத்த வாரம் சரியா போட்டப்போ எங்க குடும்பத்துக்கே மறக்காத நாளா ஆயிடுச்சு.

அம்மாவுக்கு 74 வயசு, சுத்த சைவம், சுகர் இருக்கு. நான், வீட்டுக்காரர், 14 வயசுப் பையன், அம்மா, நாலு பேர். பாரிஸ்ல ரெண்டு நாள் இருந்துட்டு டிஜிவிங்கற அதிவேக ரயில்ல அவின்யோன் வந்தோம், ரெண்டே முக்கால் மணி நேரம் கூட ஆகல, ஸ்டேஷன்லயே கார் எடுத்துக்கிட்டு கவையோன் பக்கத்துல ஒரு கிராமத்து வீட்டுல ரெண்டு வாரம் தங்கினோம்.

முதல் ஞாயித்துக்கிழமைக்கு நான் போட்ட பிளான் என்னன்னா, காலையில போன் து கார், அப்புறம் ஆர்ல், அப்புறம் லெ போ, அங்கேர்ந்து கோர்த், ரூசியோன், கடைசியா லாவண்டர் வயலுக்குப் பேர் போன வலென்சோல் மேட்டுநிலம். கூட்டிப் பாத்தா 340 கிலோமீட்டர் பக்கம் வருது. போன்ல இருக்கற மேப்பு மொத்தம் அஞ்சு மணி நேரச் சொச்சம்னு காட்டுச்சு, நம்ம ஊர்ல சாங்கியிலேர்ந்து துவாஸ் வரைக்கும் ஒரு மணி நேரத்துல போயிடறோம், இது என்ன பெரிய விஷயம்னுதான் எனக்கு. போன் து கார்ல ரோமர் காலத்துத் தண்ணிப் பாலம், மூணு அடுக்கு, 49 மீட்டர் உயரம், ஒரு ஊத்துலேர்ந்து நீம் நகரத்துக்குத் தண்ணி கொண்டுபோன 50 கிலோமீட்டர் கால்வாயோட ஒரு துண்டுதான் அது, பையன் அங்கேர்ந்து நகரவே மாட்டேன்னுட்டான். அவனை இழுத்துக்கிட்டு ஓடினேன். ஆர்ல்ல கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போச்சு. சாப்பிட ஒரு கிராமத்துல நிறுத்தறப்போ மணி ரெண்டு இருபது. கடைக்கார அம்மா நல்லபடியாத்தான் சொன்னாங்க, சமையல் முடிஞ்சிடுச்சு, ராத்திரி ஏழரைக்குத்தான்னு. அடுத்த கடையும் அதேதான். ரொட்டிக்கடை பூட்டியிருக்கு, மளிகைக்கடை பூட்டியிருக்கு, ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, வெளிய தட்டு சத்தமும் பேச்சு சத்தமும் மட்டும் கேக்குது. அம்மாவுக்கு வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு, கை நடுங்குது. பையன் பையில கிடந்த அரை பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு ஜூஸும்தான் அன்னைக்கு எங்களைக் காப்பாத்துச்சு.

அது போதாதுன்னு திரும்பி வர்ற வழியில பெட்ரோல் லைட் எரிஞ்சிடுச்சு. ஒரு சூப்பர்மார்க்கெட் பம்ப்ல நிறுத்தினோம், பேரு எதுக்கு, ஞாயித்துக்கிழமை ஆள் கிடையாது, மெஷின்ல கார்டு போட்டாத்தான் பெட்ரோல். என் கார்டை ரெண்டு தடவை துப்பிடுச்சு, வீட்டுக்காரரோட இன்னொரு கார்டைத்தான் எடுத்துக்கிச்சு. வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்பதரை. கோர்த்தும் பாக்கல, ரூசியோனும் பாக்கல, வலென்சோல் பக்கமே போகல. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லல, எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இந்த நிலைமையிலதான் புதன்கிழமை எங்க பெரியம்மா மகன் வந்தாரு. பெரியம்மாவைப் பாண்டிச்சேரியில கட்டிக்கொடுத்தது, பாண்டிச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கற ஒப்பந்தம் 1962ல நடைமுறைக்கு வந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்ட குடும்பம், அண்ணன் நீம்ல 30 வருசமா இருக்காரு. நடந்ததைக் கேட்டுட்டு, "ஏம்மா, சித்தியை வச்சுக்கிட்டு இப்படியா அலையறது, ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா"ன்னு வருத்தப்பட்டாரு. அப்புறம் கார்லேர்ந்து ஒரு பேப்பர் மேப்பைக் கொண்டுவந்து சமையல்கட்டு மேசையில விரிச்சாரு. மிஷ்லன் மேப். அதுல சில ரோடுங்களுக்குப் பக்கத்துல பச்சைக் கோடு ஓடும், அந்த ரோட்டுல பாக்க அழகா இருக்கும்னு அர்த்தம். போன் மேப்பு உங்களை எப்பவும் சீக்கிரமா கொண்டுபோய்ச் சேக்கப் பாக்கும், டிரைவுக்குன்னு கிளம்பினவங்களுக்கு அது வேண்டாத வேலை, பச்சைக் கோடு எங்கெங்க இருக்கோ அதைத் தொட்டுத் தொட்டுப் போற மாதிரி பிளான் போடணும்னு சொன்னாரு. இந்த ஒண்ணு தெரிஞ்சிருந்தாலே எனக்கு முதல் வாரம் பாதி கஷ்டம் இருந்திருக்காது. மேப்பு அங்க பேப்பர் கடையிலயும் பெட்ரோல் ஸ்டேஷன்லயும் கிடைக்குது, வாங்கிடுங்க.

ஞாயித்துக்கிழமை கடை இல்லையே, பேசாம திங்கக்கிழமை போகலாமான்னு கேட்டேன். வேண்டாம், திங்கக்கிழமைதான் நிறைய சாப்பாட்டுக் கடைக்கு லீவு, அதோட ஞாயித்துக்கிழமை லாரி கிடையாது தெரியுமான்னாரு. நெஜம்தான், பிரான்ஸ்ல ஏழரை டன்னுக்கு மேல இருக்கற சரக்கு லாரிங்க சனிக்கிழமை ராத்திரி பத்து மணிலேர்ந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணி வரைக்கும் ரோட்டுல ஓடக்கூடாது, ஒருசில விதிவிலக்கு மட்டும்தான். வலது பக்கம் ஓட்டிப் பழகாத நமக்கு, பின்னாடி லாரி வந்து ஒட்டாத ரோடுன்னா எவ்வளவு பெரிய நிம்மதின்னு ஓட்டினாத்தான் தெரியும்.

அவரு பென்சிலை எடுத்து முதல்ல எழுதினது ஊர் பேரு இல்ல, மதியம் பன்னெண்டே கால், சாப்பாடு. அதை நடுவுல ஆணி அடிச்ச மாதிரி வச்சுட்டுத்தான் மத்ததெல்லாம். அங்க கிராமத்துல மதியச் சாப்பாடு பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும்தான், ஞாயித்துக்கிழமைன்னா குடும்பம் குடும்பமா வந்து உக்காந்திடுவாங்க, அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள போன் பண்ணி இடம் பிடிச்சு வைக்கணும், சைவம்னா அப்பவே சொல்லிடணும். அவரே போன் பண்ணி கோர்த் போற வழியில ஒரு சின்ன ஊர்ல நாலு பேருக்குச் சொல்லி வச்சாரு. காலைக்கு ஒரு சந்தை, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு இடம், அப்புறம் மூணு இடம், மொத்தம் 80 கிலோமீட்டர் பக்கம், ஒரு நாளைக்கு அவ்வளவுதான்னாரு. எனக்கு மனசே கேக்கல, இவ்வளவு தூரம் பிளேன்ல வந்துட்டு அஞ்சு இடம்தானான்னு. ஆனா வாயைத் திறக்கல, போன வாரம் நடந்தது அப்படி.

சனிக்கிழமை சாயந்திரமே டேங்கை நிரப்பிட்டோம். எல்லை தாண்டி ஜேபி (ஜோகூர் பாரு) போறப்போ முக்கால் டேங்க் இல்லாம நம்மளை விடமாட்டாங்க இல்லையா, அந்தப் பழக்கத்தை அங்கயும் வச்சுக்கங்க. இங்க ஒரு முக்கியமான விஷயம், பம்ப்ல 'கஸோல்'னு எழுதியிருக்கறது டீசல். பேரைக் கேட்டா பெட்ரோல் மாதிரி இருக்கும், நானே கையை வைக்கப் போனேன், அண்ணன்தான் நிறுத்தினாரு. பெட்ரோல் காருக்கு எஸ்பி95 இல்லாட்டி எஸ்பி98னு போட்டிருக்கற குழாய். கார் எடுக்கறப்பவே அது பெட்ரோலா டீசலான்னு மூடிக்குள்ள பாத்து போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கெல்லாம் லீல்-சுர்-லா-சோர்க் வந்துட்டோம். சோர்க்ங்கற ஆறு அந்த ஊருக்குள்ள கிளை கிளையா பிரிஞ்சு வாய்க்கால் மாதிரி ஓடுது, பாசி பிடிச்ச பெரிய பெரிய தண்ணிச் சக்கரங்கள் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, ஒரு காலத்துல நூல், பட்டு, பேப்பர் ஆலைக்கெல்லாம் அதுதான் சக்தி. ஞாயித்துக்கிழமை அங்க பெரிய சந்தை, காய்கறி பழம் ஒரு பக்கம், பழைய சாமான் ஒரு பக்கம். ஒன்பதரைக்கு மேல வந்தா கார் நிறுத்த இடம் கிடைக்காது, அதனாலதான் எட்டரை.

அம்மா நேரா பழக்கடைக்குப் போயிட்டாங்க. கவையோன் மெலன்னு அந்தப் பக்கம் பேர் போனது, ரெண்டு கைக்குள்ள அடங்கற அளவு, பச்சைக் கோடு போட்ட தோலு, உள்ள ஆரஞ்சு நிறம். அம்மா ஒண்ணைக் கையில எடுத்து, அடிப்பக்கத்தை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பாத்தாங்க, தேக்காவுல முலாம்பழம் வாங்கறப்போ எப்படிப் பாப்பாங்களோ அதே மாதிரி. கடைக்காரருக்கு அறுபது வயசிருக்கும், அவரு இதைப் பாத்துட்டு தன் வேலையை விட்டுட்டு வந்து என்னமோ கேட்டாரு. எங்களுக்குப் புரியல. கைக்கடிகாரத்தைக் காட்டினாரு, அப்புறம் கையை அப்படியே தலைக்கு மேல வளைச்சுக் காட்டி, தூங்கற மாதிரி கன்னத்துல கை வச்சுக் காட்டினாரு. பையன்தான் கண்டுபிடிச்சான், இன்னைக்குச் சாப்பிடவா, நாளைக்குச் சாப்பிடவான்னு கேக்கறாருன்னு. அம்மா ரெண்டு விரலைக் காட்டினாங்க, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அவரு ஏழெட்டு பழத்தை எடுத்து எடுத்துக் கனம் பாத்து, காம்பு ஓரம் விரிசல் விட்டிருக்கறதை இன்னைக்குன்னு ஒரு பையில, இன்னும் இறுக்கமா இருக்கறதை நாளைக்குன்னு இன்னொரு பையில போட்டுக் கொடுத்தாரு. அம்மா அவருகிட்ட தமிழ்லயே "நல்லா இருப்பா"ன்னாங்க. இந்த வியாபாரத்துக்கு மட்டும் பத்து நிமிஷம். முதல் வாரப் பிளான்ல இந்தப் பத்து நிமிஷத்துக்கு இடமே கிடையாது.

அங்கேர்ந்து ஏழு கிலோமீட்டர்ல ஃபோந்தேன்-த-வோக்ளூஸ். சோர்க் ஆறு பொறக்கற இடம். மலை செங்குத்தா நிக்குது, அதோட அடியில ஒரு பெரிய குகை, அதுக்குள்ளேர்ந்து தண்ணி வருது. எவ்வளவு ஆழம்னு ரொம்ப காலமா கண்டுபிடிக்க முடியாம இருந்திருக்கு, 1946ல கடலாழத்துக்குப் பேர் போன கூஸ்டோவே இறங்கிப் பாத்திருக்காரு, கடைசியா 1985ல ரோபோவை விட்டுத்தான் 308 மீட்டர்ல தரை தட்டியிருக்கு. சுத்தி இருக்கற மலையில எல்லாம் பெய்யற மழையும் உருகற பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கி இந்த ஒரே வாய் வழியா வெளிய வருதாம். ஜூன்ல குகைக்குள்ள தண்ணி மட்டம் கீழ போயிடும், பொங்கி வழியறதைப் பாக்கணும்னா மழை பெஞ்ச வசந்த காலத்துல வரணும், அதனால குகை வாசல்ல ஏமாந்து போகாதீங்க, கீழ ஆத்தோரமா நடக்கறதுதான் அங்க சுகமே. ஆறு அப்படி ஒரு பச்சை, அடியில இருக்கற நீர்ப்பாசி ஒவ்வொரு இழையும் தெரியுது. அம்மா ஒரு படியில உக்காந்து காலை விட்டாங்க, உடனே வெளிய எடுத்துட்டாங்க, அவ்வளவு சில்லுனு. திருவையாத்துப் பக்கம் பொறந்தவங்க, 22 வயசுல கல்யாணம் ஆகி இங்க வந்தாங்க. ஓடற தண்ணியில காலை வச்சு எத்தனை வருசம் ஆச்சுன்னு அவங்களாவே கணக்குப் போட ஆரம்பிச்சாங்க.

பன்னெண்டே காலுக்குச் சாப்பாட்டுல உக்காந்துட்டோம், பிளேன்ங்கற பெரிய நிழல் மரத்தடியில மேசை. கத்திரிக்காய், சுக்கினி, தக்காளி வட்ட வட்டமா அடுக்கி ஆலிவ் எண்ணெய் ஊத்தி சுட்டது, ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட், ரொட்டி. அம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. ரெண்டு மணி வரைக்கும் எங்களை யாரும் எழுப்பல. உங்களுக்கு ஹலால் சாப்பாடு வேணும்னாலோ, சைவத்துலயும் வெங்காயம் பூண்டு சேக்காதவங்கன்னாலோ, காலையிலயே வீட்டுல புளிச்சோறு கட்டிக்கிட்டு சந்தையில ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிக்கங்க, ஆத்தோரமா பிக்னிக் மேசை நிறைய இருக்கு. ஞாயித்துக்கிழமை மளிகைக்கடை திறந்தாலும் மதியம் ஒரு மணிக்குள்ள பெரும்பாலும் மூடிடுவாங்க. ஊர்க் குழாய்ல தண்ணி பிடிக்கறப்போ பக்கத்துல 'ஓ நோன் பொத்தாப்ள்'னு பலகை இருந்தா அது குடிக்கற தண்ணி இல்ல.

ரோட்டைப் பத்திச் சொல்லியாகணும். நாம இடது பக்கம் ஓட்டறவங்க, அங்க வலது. பெரிய ரோட்டுல பிரச்சனையே வராது, முன்னாடி போற காரைப் பாத்து ஓட்டிடுவோம். தப்பு நடக்கறது எப்பன்னா, ஆளே இல்லாத கிராமத்து ரோட்டுல ஒரு கார்பார்க்கை விட்டு வெளிய வர்றப்போ, கை தானா இடது பக்கம் திருப்பிடும். எங்க பையனை முன் சீட்டுல உக்கார வச்சு, ஒவ்வொரு தடவை கிளம்பறப்பவும் "அம்மா, வலது"ன்னு சத்தமா சொல்லணும், அது மட்டும்தான் உன் வேலைன்னு சொல்லிட்டேன், நாள் பூரா சொன்னான். ரவுண்டபவுட்ல நாம சுத்தற திசைக்கு நேர் எதிர் திசை, உள்ள இடது பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு வழி விட்டுட்டு நுழையணும். ஆனா சாதாரண சந்துல போர்டு ஒண்ணும் இல்லைன்னா வலது பக்கத்துலேர்ந்து வர்றவருக்குத்தான் முதல் உரிமை, சின்ன சந்துலேர்ந்து ஒரு வயசானவர் பழைய வண்டியில நிக்காம வெளிய வருவாரு, தப்பு அவரு மேல இல்ல, சட்டமே அப்படி. மஞ்சள் டைமண்ட் போர்டு இருந்தா நீங்க போற ரோட்டுக்கு முதல் உரிமை, அதே போர்டுல குறுக்கே கோடு போட்டிருந்தா அந்த உரிமை அங்கயே முடிஞ்சுது. ஊர் பேரு போர்டு வந்துட்டாலே வேகம் 50 தான், ஊர் பேருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு வந்தா ஊர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். நடுவுல தடுப்பு இல்லாத கிராமத்து ரோட்டுல பொதுவா 80, 2018 ஜூலைலேர்ந்து அப்படி, சில வட்டாரத்துல மட்டும் திரும்ப 90 ஆக்கியிருக்காங்க, போர்டைப் பாத்துக்கங்க. ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள்காரங்க கூட்டம் கூட்டமா வருவாங்க, ஊருக்கு வெளிய அவங்களை முந்தணும்னா ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகணும், இடம் இல்லாட்டி பின்னாடியே பொறுமையா போங்க, அங்க யாரும் ஹார்ன் அடிக்கறதில்ல.

கார் புக் பண்றப்போ ஆட்டோன்னு தெளிவா கேட்டு ரொம்ப முன்னாடியே புக் பண்ணிடுங்க. அங்க மேனுவல் கார் இன்னும் நிறைய, நம்மள்ல கிளாஸ் 3ஏ, அதாவது ஆட்டோ மட்டும் ஓட்டற லைசென்ஸ் வச்சிருக்கறவங்க அதைத் தொடக்கூடாது. பெரிய காருக்கு ஆசைப்படாதீங்க, ரெண்டு பக்கமும் கல் சுவரு இருக்கற சந்துல கண்ணாடியை மடக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். நம்ம லைசென்ஸோட ஐடிபியும் (வெளிநாட்டுல ஓட்டற அனுமதி) வேணும், ஏஏஎஸ்ல (சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம்) எடுத்துக்கலாம், ஒரு வருசம் செல்லும். வண்டியில மஞ்சள் ஜாக்கெட்டும் எச்சரிக்கை முக்கோணமும் இருக்கான்னு சாவி வாங்கறப்பவே பாருங்க, இருந்தாகணும்னு சட்டம்.

சாப்பிட்டு முடிச்சு கோர்த். மலை மேல கல்லு கல்லா அடுக்கி வச்ச மாதிரி ஊரு, ஊருக்குள்ள போறதுக்கு முந்தின வளைவுலேர்ந்து பாத்தா முழுசா தெரியும், அங்கயே பாத்துட்டு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிட்டோம். பக்கத்துல நாலு கிலோமீட்டர்ல செனான்க் மடம், 1148ல தொடங்கினது, இன்னைக்கும் துறவிகள் இருக்காங்க, வாசல்ல லாவண்டர் வயல், காலண்டர்ல எல்லாம் வர்ற படம் அதுதான். அதை நாங்க விட்டுட்டோம். நம்ம ஜூன் ஹாலிடே முடியற வாரத்துலதான் அங்க ஊதா நிறம் ஏறவே ஆரம்பிக்கும், ஜூலை முதல் பாதிதான் முழு நிறம், அதனால பிள்ளைங்ககிட்ட லாவண்டர் காட்டறேன்னு வாக்கு கொடுத்துடாதீங்க. ஜூன்ல செர்ரி இருக்கு, வயலோரத்துல சிவப்பு பாப்பி இருக்கு, அதைக் காட்டுங்க.

ரூசியோன் ஊரே காவி மண்ணு மேல நிக்குது. மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்புன்னு செங்குத்தா மண் சுவரு, பச்சைப் பைன் மரம், மேல நீல வானம். மண்ணுல இருக்கற இரும்புதான் நிறத்துக்குக் காரணம், மஞ்சள் காவியைச் சூளையில சுட்டா சிவப்பாகும்னு அங்க எழுதி வச்சிருக்காங்க. மண் பாதைக்குள்ள போகக் கட்டணம் உண்டு, படிங்க நிறைய, அம்மாவை வீட்டுக்காரரோட மேல ஊர் மைதானத்துல நிழல்ல உக்கார வச்சுட்டு நானும் பையனும் மட்டும் போனோம். வெள்ளை ஷூ போட்டுக்காதீங்க, அந்த நிறம் போகவே போகாது. இந்த மலை ஊருங்க எல்லாத்துலயும் கார்பார்க் கீழயோ ஊருக்கு வெளியவோதான் இருக்கு, வயசானவங்களை முதல்ல மேல இறக்கி விட்டுட்டு அப்புறம் போய் நிறுத்துங்க. கோடையில காத்து அடிச்சு வெயில் காஞ்ச நாள்ல தீ பயத்துக்காகக் காட்டுப் பாதைங்களை மூடிடுவாங்க, முந்தின நாள் சாயந்திரமே அறிவிப்பு வந்துடும், கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

கடைசி இடம் போன் ஜூலியன். இதை நான் லிஸ்ட்லயே வச்சிருக்கல, அண்ணன் சேத்தது. வயலுக்கு நடுவுல கலவோன்னு ஒரு சின்ன ஆறு, அது மேல மூணு வளைவு வச்ச ஒரு கல் பாலம். கி.மு. 3ல ரோமர்கள் கட்டினது, இத்தாலியிலேர்ந்து ஸ்பெயினுக்குப் போன தோமிசியா ரோட்டுல இருந்த பாலம். 2005 வரைக்கும் அது மேல கார் ஓடியிருக்கு. ரெண்டாயிரம் வருசம். பக்கத்துல புதுப் பாலம் கட்டினதுக்கு அப்புறம்தான் அதுக்கு ஓய்வு கொடுத்திருக்காங்க, இப்ப நடக்கறவங்களும் சைக்கிளும் மட்டும். டிக்கெட் கிடையாது, கடை கிடையாது, மணி ஆறு, எங்களைத் தவிர ஒரு சைக்கிள்காரர் மட்டும் தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னாரு. தூணுல வாசல் மாதிரி ஓட்டை விட்டிருக்காங்க, வெள்ளம் வந்தா தண்ணி அதுக்குள்ள பூந்து போயிடும், பாலத்தை முட்டாது. பையன் கீழ இறங்கி அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னான்.

அம்மா பாலத்து மேல நடந்தாங்க. கைப்பிடிச் சுவரு மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டே இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும், அவசரமே இல்லாம. வயசைச் சொன்னேன். "கல்லணையிலயும் இப்படித்தான் கல்லு வழவழன்னு இருக்கும், எங்க அப்பா சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க"ன்னாங்க. அப்புறம் தாத்தாவைப் பத்தி, அந்தச் சைக்கிளைப் பத்தி, ஆத்துல தண்ணி திறந்து விடற நாள்ல ஊரே போய் நின்னதைப் பத்தி எல்லாம் பையன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்கே பாதி தெரியாத கதை. பையன் போனை எடுக்கல, முக்கால் மணி நேரம் பாட்டி பக்கத்துலயே அந்தச் சுவருல உக்காந்திருந்தான். எங்க பின்னாடி வெயில் திராட்சைத் தோட்டத்து மேல சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஜூன்ல அங்க ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், அதனால இருட்டறதுக்குள்ள ஓடணும்ங்கற பயம் வேண்டாம்.

போற வழியில பொன்யூ, மெனெர்ப்னு ரெண்டு ஊர் மலை மேல தெரிஞ்சுது, ரெண்டும் அழகான ஊருன்னு எல்லாரும் சொல்றாங்க, நாங்க நிறுத்தல. எட்டு மணிக்கு வீடு. மறுநாள் திங்கக்கிழமை கிராமத்துல ரொட்டிக்கடை கூட திறக்கல, அந்த 'நாளைக்கு' மெலனை வெட்டினோம், அவரு சொன்ன மாதிரியே சரியா பழுத்திருந்துச்சு.

இதைப் படிச்சுட்டு கிளம்பறவங்களுக்கு இன்னொரு விஷயம், பெரியவங்க மருந்தையும் கொஞ்சம் திங்கற சாமானையும் கைப்பையில வச்சுக்கங்க, கார் பின்னாடி பூட்ல வைக்காதீங்க. சீட்டு மேல பை எதையும் கண்ணுக்குத் தெரியற மாதிரி விட்டுட்டும் இறங்காதீங்க.

அடுத்த வருசம் மேற்கு பக்கம், துலூஸ்லேர்ந்து கடல் பக்கம் போற கனால் து மிடி ஓரமா ஒரு ஞாயித்துக்கிழமை போடலாம்னு இருக்கேன். 1681ல வெட்டி முடிச்ச கால்வாய், 240 கிலோமீட்டர், கரையோரத்துப் பிளேன் மரங்களுக்குப் பூஞ்சை நோய் வந்து 2006லேர்ந்து ஆயிரக்கணக்குல வெட்ட வேண்டி வந்திருக்கு, பதிலுக்குப் புதுக் கன்னு நட்டுக்கிட்டு வர்றாங்க. எந்தப் பகுதியில இன்னும் நல்ல நிழல் இருக்கு, எந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை சந்தை கூடுது, 75 வயசுக்காரங்க ஏறி இறங்கற மாதிரி படகு எங்க கிடைக்கும்னு அந்தப் பக்கம் போயிட்டு வந்த வாசகர்கள் யாராவது இருந்தா இந்தப் பகுதியிலயே எழுதுங்க. அம்மா இப்பவே வர்றேன்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்